லேபிள் ஒட்டாத பன்னிரண்டு கவர்

அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கடலை மிட்டாய உள்ள வச்சிருங்க. இப்பத்தான் பாப்பா கண்ண மூடிருக்கா, முழிச்சா பாத்திருவா. கேக்க மாட்டா. ஒருநாளும் கேக்க மாட்டா, அதான் எனக்குப் பெரிய சங்கடம். நீங்க ஆசையா நீட்டுனீங்க, நான் படக்குன்னு கையத் தட்டி விட்டுட்டேன். வயசுல மூத்தவரு, மன்னிச்சிருங்க. இன்னிக்குக் காலையில இருந்து என் கை என் பேச்சக் கேக்கல. இந்தா பாருங்க, எப்படி ஆடுதுன்னு. பிளேன் கெளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் நிக்கலையே.

சுகரா? சேச்சே, சுகரெல்லாம் இல்ல. டயட். ஆமா, பிள்ளைக்கு டயட்டு. ஒன்பது வயசுல என்ன டயட்டுன்னுதான எல்லாரும் கேக்குறாங்க. டாக்டரு சொல்லிருக்காரு, அம்புட்டுத்தான்.

அண்ணாச்சிக்கு எந்த ஊரு? கோவில்பட்டியா! அப்ப கடலை மிட்டாய் கையில இருக்கத்தான செய்யும். நமக்கு சிவகாசி. பொன்மாரியப்பன்னு பேரு. பாப்பா பேரு சுபிக்‌ஷா. மலேசியாவுல, கிள்ளான்ல என் தங்கச்சி செண்பகம் இருக்கு, அது மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் நான் சீர் கொண்டு போகாம எப்படி? நீங்க கோலாலம்பூர்லயே இருக்கீங்களா? இருபத்திரெண்டு வருசமா? போக வர இருப்பீங்களே. அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மெதுவா கேக்கேன்.

இறங்குனதும் அங்கயும் பைய பிரிச்சுப் பாப்பாங்களா? எல்லாரையுமா, இல்ல ஆளப் பாத்தா? ஏன் கேக்கேன்னா, நான் வேலை பாக்குற அச்சு பிரஸ்ல ஒருத்தன் சொன்னான், மலேசியாவுல பொடி வச்சிருந்து மாட்டுனா தூக்குன்னு. வெளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. இந்தா காலுக்கடியில துண்டு போட்டு மூடி வச்சிருக்கேன்ல, அதுல பொடிதான் இருக்கு. பதறாதீங்க அண்ணாச்சி! சாப்பாட்டுப் பொடி. பாப்பா சாப்பாடு. கூப்பிட்டுறாதீங்க அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ண. உக்காருங்க, முழுசாச் சொல்லிருறேன். மறைச்சா நீங்களும் என்னத்தையாவது நெனைப்பீங்க. ஆனா இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்.

பாப்பாவுக்கு பொறந்ததுல இருந்தே ஒரு கோளாறு. பருப்பு, பாலு, முட்டை, கறி, கடலை, எதுலயும் இருக்குல்ல புரோட்டீன் சத்து, அந்தச் சத்துல மூணு வகை அவ உடம்புல செரிக்காது. செரிக்காம ரத்தத்துல தங்கி மூளைக்கு ஏறிரும். அதனால அந்த மூணும் இல்லாம ஒரு பொடி செய்யுறான் வெளிநாட்டுல. டப்பாவுல வரும். பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரி வழியா எழுதிப் போட்டு, ஒன்றரை மாசம் காத்துக் கெடந்து வாங்குறோம். அதத் தண்ணியில கலக்கி மூணு வேளை குடிக்கணும். கூட ஒரு கை சோறு, உருளைக்கெழங்கு. அதுவும் கண்ணால பாத்துப் போடக்கூடாது. ராமலட்சுமி, என் வீட்டுக்காரி, தராசுல வச்சு கிராம் கணக்குல போடுவா. சோறு ஒரு கரண்டி கூடிட்டா அன்னிக்குப் பூராவும் அவ மூஞ்சிய பாக்க முடியாது.

அந்தப் பொடி ரெண்டு மூணு நாளு இல்லைன்னு வைங்க. நான் சொல்லல. அதச் சொல்ல என் வாய் வராது.

சரி, சொல்லுறேன். இவளுக்கு மூத்தது ஒரு பையன். பதினோரு நாளு இருந்தான். மூணாம் நாள்லேருந்து பால் குடிக்கல. உடம்பு வில்லு மாதிரி பின்னால வளைஞ்சுக்கிருச்சு. அவன் துணியில ஒரு வாசம் வந்துச்சு அண்ணாச்சி, வெல்லப்பாகு வாசம். பக்கத்து வீட்டம்மா, "என்ன ராமலட்சுமி, அதிரசத்துக்குப் பாகு காச்சுறியா?"ன்னு கேட்டுச்சு. எங்களுக்கு என்ன தெரியும்? நாங்களும் சிரிச்சோம். பதினோராம் நாளு போயிட்டான். ஊர்ல சளின்னு சொல்லிட்டோம். அன்னிக்கு வந்த வாசம், இன்னிய வரைக்கும் எங்க வீட்டுல அதிரசம் கெடையாது.

இவ பொறந்தப்ப டாக்டரம்மா முன்னாடியே ரத்தம் எடுத்து அனுப்பிப் பாத்துச்சு. அதான் பொழைச்சா. அந்தம்மா ஒரு தாள்ல படம் போட்டுக் காட்டுச்சு. சொந்தத்துக்குள்ள கட்டுனா ரெண்டு பக்கமும் ஒரே கோளாறு ஒளிஞ்சு கெடக்கும், பிள்ளைக்கு வந்து சேந்துரும்னு. ராமலட்சுமி எனக்கு அத்தை மக. எங்க பக்கம் சொந்தத்துல கட்டாதவன் யாரு? எல்லாருக்குமா வந்துருச்சு? படிச்சவங்க அப்படித்தான் என்னமாச்சும் சொல்லுவாங்க.

ஊர்ல யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சருக்குத் தெரியும். மத்தபடி "வயித்துக்குச் சேராது, டயட்டு"ன்னு சொல்லி ஒன்பது வருசம் ஓட்டிட்டேன். பொம்பளப் பிள்ள அண்ணாச்சி. நாளைக்கு ஒருத்தன் கேட்டு வர வேண்டாமா? செண்பகம் இவ பொறந்தப்பவே "அண்ணே, என் மருமகள பத்திரமா வளத்து வை"ன்னுச்சு. அதுக்கு ஒரு மகன் இருக்கான், பதினாலு வயசு. அசல்ல குடுத்தா நோய் தெரிஞ்ச அன்னிக்கே கொண்டாந்து விட்டுருவான். சொந்தம்னா அப்படி விட மாட்டான்ல. அதனால செண்பகத்துக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு நான் கெட்டியா இருந்தேன்.

அந்த நோயோட பேரு இருக்கே, எந்த மகராசன் வச்சானோ, அதுக்குள்ள மூத்திரம்னு ஒரு சொல்லு வருது. இங்கிலீசுலதான். இருந்தாலும் யாருக்குத் தெரியாது? நான் இன்னிய வரைக்கும் அந்தப் பேர வாய்விட்டுச் சொன்னதில்ல. டப்பாவுல அது கொட்டை எழுத்துல போட்டிருக்கு. செண்பகம் வீட்டு அடுப்படியில அந்த டப்பாவ வச்சா என்ன ஆகும்? சடங்கு வீடு. மச்சான் சொந்தக்காரங்க அம்பது பேரு வருவாங்க. எல்லாம் இங்கிலீசு படிக்கத் தெரிஞ்சவங்க.

ராமலட்சுமிதான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு கூட வர்றதா இருந்துச்சு. போன வாரம் அவங்கம்மா குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போச்சு. நான் தனியாக் கூட்டிட்டுப் போறேன்னேன். அவ என்னையே பாத்தா. "டப்பாவ டப்பாவாவே கொண்டு போகணும். டாக்டர் லெட்டர் மேல இருக்கணும். கையில வச்சுக்கிற பையில இருக்கணும்"ன்னு மூணு தடவ சொன்னா. நானும் மூணு தடவ தலைய ஆட்டுனேன்.

அண்ணாச்சி, நமக்குத் தொழிலே லேபிளு. பட்டாசுப் பெட்டிக்கு மேல ஒட்டுற லேபிள் அடிக்கிற பிரஸ்ல பத்தொன்பது வருசமா இருக்கேன். புரூஃப, அதான் மாதிரிக்கு அடிச்ச தாள, எடுத்துக்கிட்டு ஒவ்வொரு பட்டாசு ஆபீசாப் போயி காட்டி, கலர் சரி பண்ணி, கையெழுத்து வாங்கியாறது என் வேலை. எங்க மொதலாளி ஒண்ணு சொல்லுவாரு: "லேபிளுன்னா பத்தடி தள்ளி நிக்கிறவன் படிக்கணும். கிட்ட வந்து படிக்கிறது சீட்டு." அப்படிப்பட்டவன் நான் என்ன செஞ்சேன்? மூணு டப்பாவையும் பிரஸ்ஸுக்குக் கொண்டு போயி, ஒரு நாளைக்கு ஒரு கவருன்னு பன்னெண்டு நாளைக்குப் பன்னெண்டு கண்ணாடிக் கவர்ல கொட்டி, சீல் வைக்கிற மெஷின்ல வச்சு ஒட்டினேன். ஒண்ணு போல பன்னெண்டு. ஒரு சுருக்கம் கெடையாது. பாக்க அம்புட்டு அழகா இருந்துச்சு. எனக்கே பெருமை. டப்பாவ நசுக்கிக் குப்பையில போட்டேன். லெட்டர வீட்டு அலமாரியில துணிக்கு அடியில சொருகிட்டேன். நான் தினமும் புரூஃப் கொண்டு போற கறுப்பு ரெக்ஸின் பை இருக்கு, நல்ல தடிமனான பை, அதுல அடுக்குனேன்.

நீங்க ஏன் கண்ண மூடுறீங்க? உங்களுக்குப் புரியுது. எனக்கு அப்பப் புரியல.

காலையில திருச்சி ஏர்போர்ட்டு. நான் பிளேன் ஏறுறது இதான் மொத தடவ. பாப்பா பள்ளிக்கூடப் பைய முதுகுல மாட்டிக்கிட்டு எனக்கு முன்னாடி போறா. ராமலட்சுமி அவளுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்து அனுப்பிருக்கா. செருப்ப எப்பக் கழட்டணும், தட்டுல எத எத வைக்கணும்னு. பை உள்ள போச்சு. நான் கையத் தூக்கிக் காட்டிட்டு அங்கிட்டு வந்து நிக்கேன். எல்லாரு பையும் வருது. என் பை வரல. மெஷின் நின்னுச்சு. திரையப் பாத்துக்கிட்டிருந்தவன் பக்கத்துல இருந்தவனக் கூப்பிட்டான். அவன் இன்னொருத்தனக் கூப்பிட்டான்.

பைய தனியா ஒரு மேசைக்குக் கொண்டு போனாங்க. ஜிப்பத் தெறந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பன்னெண்டு கவரையும் எடுத்து வரிசையா வச்சான். வெள்ளைப் பொடி. எழுத்து இல்ல, பேரு இல்ல. அங்க வச்சுப் பாக்கும்போது எனக்கே அது சாப்பாடாத் தெரியல அண்ணாச்சி. சத்தியமாத் தெரியல. டிவியில போலீசு பிடிச்சு மேசையில அடுக்கி வச்சுக் காட்டுவாங்கல்ல, அச்சு அசல் அப்படியே.

அவன் இந்தியில கேட்டான். எனக்குத் தெரியல. தமிழ் பேசுற ஒரு அம்மாவக் கூட்டியாந்தாங்க, அதுவும் காக்கி உடுப்பு. அதுக்குள்ள ஒருத்தன் சின்னத் துணி மாதிரி ஒண்ண எடுத்து பையத் தொடச்சு ஒரு மெஷின்ல சொருகுனான். அது கூவுச்சு. இன்னொரு துணி எடுத்துத் தொடச்சான். மறுபடியும் கூவுச்சு. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல. எனக்கும் வரிசைக்கும் நடுவுல ரெண்டு பேரு வந்து நின்னாங்க. ஒருத்தன் கையில துப்பாக்கி.

"என்ன வேலை பாக்குறீங்க?"ன்னு அந்தம்மா கேட்டுச்சு.

"சிவகாசிம்மா. பட்டாசு..."ன்னு ஆரம்பிச்சேன். லேபிளுன்னு முடிக்கல. அதுக்குள்ள அந்தம்மா மூஞ்சி மாறிப்போச்சு.

பட்டாசு ஆபீசு ஆபீசாப் போற பை அண்ணாச்சி. எத்தனை சாம்பிள் பெட்டி அதுல போயிருக்கும். வெடிமருந்துத் தூசி கழுவுனாலும் போகாதாம், அந்த மெஷினு மோப்பம் பிடிச்சிருமாம். பெறகுதான் சொன்னாங்க. அந்த நேரத்துல எனக்கு ஒண்ணும் ஓடல.

"இது என்ன பொடி?"

"டயட்டும்மா."

"யாருக்கு?"

பாப்பா என் பக்கத்துலதான் நிக்கா. வரிசையில நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேரு. பட்டாசுக் கம்பெனி ஆளுங்க, என்னைய நல்லாத் தெரியும். எல்லாரும் பாக்காங்க. என் வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா?

"எனக்கு."

"எதுக்கு?"

"உடம்பு கொறைக்க."

அந்தம்மா என்னைய மேலருந்து கீழ வரைக்கும் பாத்துச்சு. நீங்களும் பாருங்க. அம்பத்தோரு கிலோ. பெல்டுல நானே ஆணி வச்சு மூணு ஓட்டை போட்டிருக்கேன். "நீங்களா?"ன்னுச்சு. முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சாக் கூட கொஞ்ச நேரம் தாங்கும். இது ஒரு வாய் தாங்கல.

"பொய் சொல்லாதீங்க. இது பெரிய விசயம். உங்கள உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்க, பிள்ளையத் தனியாத்தான் உக்கார வைக்கணும். இது என்ன? யாரு குடுத்தா?"

பிள்ளையத் தனியான்னு சொன்னதும் எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. "சாப்பாடுதாம்மா, வேணும்னா தின்னு காட்டுறேன்"னு ஒரு கவரப் பல்லால கடிச்சுப் பிச்சு வாயில கொட்டிட்டேன். தடுக்க வந்தாங்க, அதுக்குள்ள ரெண்டு வாய் போட்டுட்டேன்.

அண்ணாச்சி. இந்த ஒன்பது வருசத்துல அத நான் நாக்குல வச்சுப் பாத்ததே இல்ல. கசப்பு. கசப்போட ஒரு புளிப்பு. பழைய மருந்துப் பாட்டில் மூடிய நக்குனா எப்படி இருக்கும், அப்படி. தொண்டைக்குள்ள போக மாட்டேங்குது, ஒட்டிக்கிச்சு, கொமட்டுது, கண்ணுல தண்ணி. இதையா இவ நாளைக்கு மூணு வேளை, மூஞ்சியக் கூடச் சுளிக்காம குடிக்கா? "குடிச்சிட்டேம்பா"ன்னு டம்ளரக் கவுத்துக் காட்டுவா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டே "சமத்து"ன்னு சொல்லுவேன்.

அப்ப பாப்பா கத்துனா. அவ கத்தி நான் கேட்டதே இல்ல. "அப்பா! திங்காதீங்கப்பா! அது என் வெள்ளிக்கெழமை!"

அவ எண்ணி வச்சிருக்கா அண்ணாச்சி. பன்னெண்டு கவருக்கும் கெழமை வச்சிருக்கா. நான் ஒரு நாளு சாப்பாட்ட பொய்யக் காப்பாத்த வாயில போட்டுக்கிட்டு நிக்கேன்.

பெறகு அவ பள்ளிக்கூடப் பையக் கழட்டுனா. நோட்டுக்குள்ள இருந்து ஒரு தாள எடுத்தா. டாக்டர் லெட்டரு, நகலு. நான் அலமாரியில ஒளிச்சு வச்சேன்ல, அதுக்கு முந்தியே ராமலட்சுமி நகலெடுத்துப் பிள்ளை பையில வச்சுட்டா. புருசன் மேல அவளுக்கு இருக்கிற நம்பிக்கையப் பாத்துக்கோங்க! பதிமூணு வருசம் குடும்பம் நடத்தி என்ன புண்ணியம்? அத அந்தம்மா கையில குடுத்துட்டு பாப்பா இங்கிலீசுல சொன்னா, பாட்டு ஒப்பிக்கிற மாதிரி, நிறுத்தி நிதானமா. எனக்கு என்ன நோயி, இது என் சாப்பாடு, இது இல்லாட்டி எனக்கு உடம்பு முடியாமப் போயிரும், இந்த நம்பருக்குப் பேசுங்கன்னு. அந்தப் பேரையும் சொன்னா. முழுப் பேரையும். நம்ம ஊர்க்காரங்க முன்னாடி. அவளுக்கு ஒரு கூச்சமும் இல்ல.

டாக்டரம்மாவுக்குப் பேசுனாங்க. ஏர்போர்ட்டு டாக்டர் வந்தாரு. பிரிச்ச கவர்ல மிச்சம் இருந்தத வேற மெஷின்ல வச்சுப் பாத்தாங்க. என்னைய ஒரு ரூம்ல உக்கார வச்சு பிரஸ் பேரு, மொதலாளி நம்பரு எல்லாம் எழுதிக்கிட்டாங்க. என் மொதலாளியே போன்ல, "லேபிள் அடிக்கிறவன்யா, வெடி வைக்கிறவன் இல்ல"ன்னு கத்துனாராம். ராமலட்சுமிக்கும் போன் போட்டாங்க. எடுத்ததும் அவ என்கிட்ட ஒரே ஒண்ணுதான் கேட்டா. "டப்பா எங்க?" குப்பையிலன்னு சொன்னேன். பெறகு, "போன பிள்ளைகிட்டக் குடுங்க"ன்னா. வைய மாட்டாளான்னு இருந்துச்சு.

பைய மட்டும் அங்கயே நிப்பாட்டிட்டாங்க. கவரெல்லாம் இந்தக் கண்ணாடிப் பையில போட்டுக் குடுத்தாங்க. கடேசி ஆளா ஓடி வந்து ஏறுனோம். நீங்கதான் பாத்தீங்களே, எல்லாரும் எங்களையே பாத்தாங்க. கெளம்புறப்ப அந்தம்மா வெள்ளை ஸ்டிக்கர் ஒரு தாள் குடுத்துச்சு. இந்தா, சட்டைப் பையில இருக்கு. "அங்க இறங்குறதுக்குள்ள ஒவ்வொரு கவர்லயும் என்ன, யாருக்குன்னு எழுதி ஒட்டிருங்க. அங்க போயி எனக்கு உடம்பு கொறைக்கன்னு சொல்லாதீங்க"ன்னுச்சு. பாப்பா கன்னத்தத் தட்டிட்டுப் போச்சு.

மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்லுவாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் கனம். எழுதாமப் போனா அங்க இருக்கிறவன் பிடிச்சிருவான், பிள்ளைக்குச் சாப்பாடு போயிரும். பத்து நாளைக்கு அங்க அந்தப் பொடிக்கு நான் எங்க போவேன்? எனக்கு அந்த வெல்லப்பாகு வாசம் மூக்குலயே நிக்கிது அண்ணாச்சி, இந்த பிளேனுக்குள்ள கூட. எழுதி ஒட்டுனா செண்பகம் பாத்துரும். பை வேற கண்ணாடிப் பை. வாசல்லயே நிக்கிறேன்னு சொல்லிருக்கு. அதான் உங்ககிட்டக் கேக்கேன். சோதனை தாண்டுற வரைக்கும் ஒட்டி வச்சுட்டு, தாண்டுனதும் கக்கூசுக்குள்ள போயி உரிச்சுட்டா? நல்ல பசை போட்ட ஸ்டிக்கரு, உரிச்சா கவரு கிழியும். எனக்குத் தெரியும், நம்ம தொழிலாச்சே.

செண்பகம் முந்தி மாதிரி இல்ல அண்ணாச்சி, அதான் பயம். ரெண்டு வருசமா பாப்பாவ மருமகளேன்னு கூப்பிடுறதையே விட்டுருச்சு. போன் பண்ணா "பாப்பா என்ன படிக்கப் போறாளாம்?"னு கேக்குது. வெளிநாட்டுக்குப் போனா ஆளு மாறிருது. இப்ப புதுசா டயட்டு வேற ஆரம்பிச்சிருக்கு போல. போன மாசம் ஒரு போட்டோ அனுப்புச்சு, சின்னதா ஒரு எலக்ட்ரிக் தராசு. "அண்ணே, இது ஒத்தக் கிராம் வரைக்கும் காட்டுமாம். இது சரியா இருக்குமா?"ன்னு கேட்டுச்சு. "என்ன தங்கக் கடை வைக்கப் போறியா?"ன்னு கேலி பண்ணேன். அது பேச்ச மாத்திருச்சு. சடங்குச் சாப்பாட்டுக்கும், ஒரு சட்டி தனியா, பருப்பே போடாத சாம்பார் சொல்லிருக்காம். மச்சான் வீட்டுல யாருக்கோ வாய்வுக் கோளாறு இருக்கும்.

என்ன பாக்குறீங்க?

எந்தத் தராசு? அதான் சொன்னேனே, சின்னது, ஒத்தக் கிராம்...

...

என்கிட்ட எதுக்கு சரியா இருக்குமான்னு கேட்டுச்சு?

ரெண்டு வருசம். ரெண்டு வருசத்துக்கு முந்தி ராமலட்சுமி ஒரு நாளு மாடியில நின்னு ஒரு மணி நேரம் செண்பகத்துகூட போன் பேசுனா. அழுதுட்டு எறங்கி வந்தா. என்னன்னு கேட்டேன், தலைவலின்னா. அதுக்கப்புறந்தான் மருமகளேங்குற பேச்சு நின்னுச்சு. அதுக்கப்புறந்தான் என்ன படிக்கப் போறான்னு...

அப்ப தெரிஞ்சுதான் எங்களக் கூப்பிட்டிருக்கு. தெரிஞ்சுதான் தராசு வாங்கி வச்சிருக்கு. நானாச் சொல்லுவேன்னு அந்தப் போட்டோவ அனுப்பிக் கேட்டிருக்கு. நான் தங்கக் கடைன்னு சொல்லிருக்கேன்.

யாருக்குத் தெரியக் கூடாதுன்னு டப்பாவ நசுக்குனேன் அண்ணாச்சி? யாருக்குப் பயந்து என் பிள்ளை வெள்ளிக்கெழமையத் தின்னேன்?

இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி வேண்டாம். கண்ணுல தூசி. பாப்பா முழிச்சுட்டாளா? தூங்கு தங்கம், இன்னும் நேரம் இருக்கு. குடிக்கிற நேரமா? ஆமாமா, மணி ஆச்சுல்ல. இரு, அப்பா கலக்கித் தாரேன். நானே கலக்குறேன். எத்தனை கரண்டின்னு நீ சொல்லு.

அண்ணாச்சி, உங்ககிட்ட பேனா இருக்கா? தடிச்ச பேனாவா இருந்தா நல்லது. எனக்குக் கை ஆடுது, கோணலாப் போயிரும். நீங்கதான் எழுதணும். இந்தாங்க ஸ்டிக்கரு. லெட்டரு பாப்பா பையில இருக்கு, ஆனா அது எதுக்கு, பேர நானே சொல்றேன். எழுதிக்கோங்க. மேப்பிள். சிரப். யூரின். ஆமா, யூரின்தான். டிசீஸ். அதுக்குக் கீழ சுபிக்‌ஷாவின் சாப்பாடுன்னு இங்கிலீசுல. அதுக்குக் கீழ அப்பா பேரு பொன்மாரியப்பன். ஆமா, என் பேரையும் போடுங்க. பதினோரு கவருக்கும். அந்தப் பிஞ்ச கவருக்கும் சேத்துப் பன்னெண்டு.

இம்புட்டுச் சின்னதா எழுதாதீங்க அண்ணாச்சி. இது சீட்டு மாதிரி இருக்கு. பெருசா எழுதுங்க, ஸ்டிக்கரு நெறையுற மாதிரி. வாசல்ல கம்பிக்கு அங்கிட்டு என் தங்கச்சி நிக்கும். பத்தடி இருக்கும்.